மாப்பிள்ளை பேசிய ஞாயிற்றுக்கிழமை

மனிதர்களைச் சிரிக்க வைப்பது என் தொழில். அப்படிச் சொல்லிக்கொண்டு பிழைக்கிற நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய முந்நூறு பேருக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசி, ஒருவரையும் சிரிக்க வைக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒருவரையும் என்றால், முன்வரிசையில் தாயின் மடியிலிருந்த கைக்குழந்தை உட்பட. (அது கடைசிவரை என்னைக் கணக்காய்வு அதிகாரி போலப் பார்த்துக்கொண்டிருந்தது.) துல்லியமாகச் சொன்னால் ஒருவர் சிரித்தார். ஒலிபெருக்கிக்காரர் சுனில். அவருக்குத் தமிழ் பாதிதான் தெரியும். அதனாலோ என்னவோ சிரிப்பையும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அந்தக் காலத்தில் நான் கேகாலையில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவனுக்கு அரச உத்தியோகம் என்பது இன்னொரு உள்ளுறுப்பு. அதை வெட்டி எடுத்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஆனால் நாற்பதை நெருங்கும் வயதில், ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடை மாடியில், நண்பன் ஒருவன் பிடித்துத் தள்ளியதால் மைக் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசினேன். முப்பது பேர் சிரித்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் நண்பனின் உறவினர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நோய் முற்றிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரம்புக்கனையில் ரயில் ஏறி கொழும்புக்குப் போனேன். போகும் வழியெல்லாம் பேச வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லி, நானே சிரித்தும் பார்த்துக்கொள்வேன். என் பக்கத்து இருக்கை பொல்கஹவலை தாண்டுவதற்குள் காலியாகிவிடும். ஒரு வருடத்தில் கொஞ்சம் பெயர் கிடைத்தது. இந்த நின்றபடி சிரிப்புக் காட்டும் தொழிலுக்கு முழுநேரமாகப் போய்விடலாம் என்று முடிவெடுத்து, பதவி விலகல் கடிதம் ஒன்றையும் தட்டச்சு செய்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பருத்தித்துறையிலிருந்து அம்மா தொலைபேசியில் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னார். "பகிடி விடுறதை ஆரும் உத்தியோகம் எண்டு சொல்லுவினமோ, பேசாமல் கந்தோருக்குப் போ."

மனைவி ஸ்டெல்லா அப்படி முகத்தில் அடித்த மாதிரிச் சொல்பவள் இல்லை. ஆசிரியை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருக்கும் ஒரு தோட்டத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். (எங்கள் திருமணத்தை இரண்டு பக்கமும் எதிர்த்த கதை தனி. இரு தரப்பும் ஒருமனதாக இருந்த ஒரே விடயம் அதுதான்.) கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். பிறகு சொன்னாள்:

"கொழும்புல சிரிக்கிறவங்க டிக்கட் எடுத்துட்டு வந்தவங்க. சிரிக்காம போனா அவங்களுக்குத்தான் நட்டம். எங்க அம்மாவ ஒரு தடவ சிரிக்க வைங்க. அடுத்த நாளே லெட்டரக் குடுங்க."

"உம்மடை அம்மாவையா?"

"ஏன், பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருந்தது. என் மாமியார் ஆரோக்கியமேரி, கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணி. முப்பது பேரை ஒரு பார்வையில் மலையேற்றி ஒரு பார்வையில் இறக்குபவர். அவர் சிரித்ததை யாரும் கண்டதாகத் தகவல் இல்லை. எங்கள் திருமண ஆல்பத்தில் அவர் இருக்கும் படங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

அந்தத் திருமணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. விருந்தின்போது நான் எழுந்து நன்றியுரை ஆற்றினேன். பேசச் சொன்னவர்கள் யாருமில்லை, நானாகத்தான் ஆற்றினேன். "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பெரியோர்களே" என்று தொடங்கி, என் ஊர்த் தமிழில் ஏற்ற இறக்கத்தோடு போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையில் சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பேச்சை நிறுத்தினேன். தட்டைத் தள்ளினேன். கோட்டும் சூட்டுமாகப் போய் வேனின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு மணி நேரம். மாமியார் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வேன் கதவடிக்கு வந்து நின்றார். "என்னைப் பார்த்துச் சிரிக்கிற இடத்திலை நான் சாப்பிடமாட்டன்" என்றேன். அவர் தட்டோடு திரும்பிப் போனார்.

அந்த வசனத்தை நான் அடுத்த வாரமே மறந்துவிட்டேன். அதுதான் என் வழக்கம். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஆறு வருடம் கழித்து ஆசைப்பட்டதும் அதே மனிதன்தான்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. தோட்டத்து அந்தோனியார் கோயில் திருவிழா. காலையில் பூசை, பிறகு அந்தோனியார் சிலையான சுருவத்தைச் சுமந்துகொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி வருதல், மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. சோறு வேகும்வரை சனத்தைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் சவரிமுத்து, ரப்பர் பால்வெட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். மாப்பிள்ளை மேடையில் என்ன செய்வார் என்று மாமியார் மகளிடம் கேட்டார். அவர் பேசுவார், சனம் சிரிக்கும் என்று ஸ்டெல்லா விளக்கினாள். மாமியாரின் முகம் கறுத்தது.

"கொழும்புலயுமா சிரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நெறய பேரு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்றும் மறுநாளும் எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தார். பெரிய கலைஞனுக்கு உரிய உபசாரம் என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டேன்.

ஞாயிறு வந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையை அங்கே மடுவம் என்பார்கள். அதன் முன்னால் இருந்த வெட்டையில் ட்ரக்டர் பெட்டியை நிறுத்தி, விரிப்புப் போட்டு, மேடையாக்கியிருந்தார்கள். அதே வெட்டையில்தான் தினமும் காலையில் பெரட்டு நடக்கும். யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று கங்காணிமார் ஆள் பிரித்து அனுப்பும் கூட்டம். எதிரே முந்நூறு பேர் நல்ல உடுப்பில், வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு ஒழுங்கான சபையை நான் கொழும்பில் கண்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாமியார் மட்டும் சபையோடு உட்காரவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சனத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் நான் சிரிக்க வைக்க வேண்டும். முகத்தையே காட்டாத ஒருவரை எப்படிச் சிரிக்க வைப்பது? அவருடைய கொண்டையைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன்.

முதலில் மலை. "இருபத்தெட்டு வயதுவரை நான் ஏறிய ஆகக் கூடிய உயரம் எங்கள் வீட்டுக் கிணற்றுக் கட்டுத்தான்" என்றேன். கொழும்பில் இதற்கு நல்ல சிரிப்பு விழும். இங்கே அமைதி. கிணற்றின் உயரத்தை மனதில் அளந்து பார்ப்பது போன்ற ஓர் அமைதி.

அடுத்தது அட்டை. "கடித்தால் விடாத உயிரினம் என்று எங்கள் ஊரில் என் சித்தப்பாவைத்தான் சொல்வார்கள். இங்கே வந்துதான் அட்டையைக் கண்டேன். அட்டை பரவாயில்லை, உப்புப் போட்டால் விட்டுவிடுகிறது." சொல்லிவிட்டு, அட்டை கடித்தால் யாழ்ப்பாணத்தான் எப்படி ஆடுவான் என்று அந்த ட்ரக்டர் பெட்டியில் ஆடியும் காட்டினேன். பெட்டி கிறீச்சிட்டது. அப்போதுதான் சுனில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து, "ஹா" என்றார். மாமியாரின் கொண்டை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. இரண்டாவது "ஹா" வரவேயில்லை. சுனில் குனிந்து ஏதோ வயரைச் சரிபார்க்க ஆரம்பித்தார். நிகழ்ச்சி முடியும்வரை அந்த வயரைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையில் சபையில் விநோதமான காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. இரண்டாவது வரிசையில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் துவாயை மடித்து வாயில் வைத்து இறுகக் கடித்துக்கொண்டிருந்தார், கண்களில் நீர். பாவம், பல்வலி என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் ஒருவருக்குத் தோள் குலுங்கியது, அது காய்ச்சல். அவ்வப்போது யாராவது ஒருவர் திடீரென்று எழுந்து மடுவத்துக்குப் பின்னால் ஓடுவதும், சற்று நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்து முன்னைவிடக் கடுமையான முகத்தோடு உட்காருவதுமாக இருந்தார்கள். தோட்டத்தில் ஏதோ வயிற்று நோய் பரவியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மாமனார் முன்வரிசையில் கண்ணை மூடிச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஸ்டெல்லாவும் சிரிக்கவில்லை. அதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்தப் பகிடிகளை வீட்டில் நாற்பது தரம் கேட்டவள் அவள்.

வேறு வழியில்லாமல் மாமியாரிலேயே கை வைத்தேன். "என் மாமியார் கொழுந்து பறிக்கிற வேகத்தில் நான் கோப்புகளில் கையெழுத்து வைத்திருந்தால், இந்நேரம் நாட்டில் ஒரு கோப்புக்கூட மிஞ்சியிருக்காது. நாங்களும் அலுவலகத்தை மூடிவிட்டுக் கொழுந்து பறிக்க வந்திருப்போம்." கொண்டை அசையவில்லை. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. வியர்வை சட்டைப் பைவரை இறங்கியது. அந்தப் பைக்குள் கடிதம் இருக்கிறது, அது நனைந்துகொண்டிருக்கிறது என்ற நினைவு மட்டும் இருந்தது. சோறு வெந்துவிட்டது என்று யாரோ கை காட்டியபோது, அந்தோனியார்தான் அனுப்பினார் என்று நினைத்து, "நன்றி, வணக்கம்" என்றேன்.

கைதட்டல் வெடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட கைதட்டல் அதற்கு முன்பு கிடைத்ததில்லை. பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்ல கருத்தா பேசுனீங்க சார்" என்றார். சிரிப்புக் காட்டுகிறவனைக் கல்லால் அடித்தால்கூட ஆறிவிடும். நல்ல கருத்து என்று சொன்னால் ஆறாது.

என் தொழில் முடிந்துவிட்டது. நல்லவனாகவாவது இருப்போம் என்று எண்ணி, ஸ்டெல்லாவின் கைப்பையிலிருந்து வலி மாத்திரை இரண்டை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சிவப்புச் சேலைப் பெண்ணிடம் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு போடுங்கள், பல்லுக்கு நல்லது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். அவ்வளவு வலி.

சுனில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனபோது குரலைத் தாழ்த்தி, "சேர், ஜோக் ஹொந்தய்," என்றார். பகிடி நல்லது என்கிறார். "நான் சிரிச்ச. அந்த அம்மா பாத்த. எனக்குப் பயம்." ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

சாப்பாட்டை எங்களுக்கு மட்டும் லயத்து வீட்டில் தனியாகப் போட்டார் மாமியார். கோழியின் இரண்டு காலும் என் தட்டில். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கடிதத்தைப் பற்றிக் கேட்காமலிருப்பது அவளுடைய இரக்கம். மாமியார் குழம்பை ஊற்றினார். வெற்றி பெற்ற முகம்.

"பாத்தீங்களா மாப்புள?" என்றார். "ஒரு ஆளு சிரிக்கல."

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தேன்.

"நேத்து பெரட்டுலயே சொல்லிப்புட்டேன். எங்க மாப்புள பேசுறப்ப எவளாச்சும் பல்லக் காட்டுனா, திங்கக்கெழமைலேருந்து ஒன்பதாம் நம்பர் மலதான்னு. அட்ட மல அது, ஒருத்தியும் போகமாட்டா. மத்த கங்காணிமாருக்கும் சொன்னேன். பால்வெட்டுப் பக்கத்துக்கு மாமா சொன்னாரு."

மாமனார் வாசற்படியில் இருந்தபடி தலையை ஆட்டினார். "நமக்கே கஷ்டமாத்தான் இருந்திச்சுங்க. சிரிப்ப அடக்க செபமாலையில அஞ்சு தேவரகசியமும் முடிச்சுட்டேன்."

"கலியாணத்துல சிரிச்சுப்புட்டாளுங்கன்னு வேன்ல போய் உக்காந்துட்டீங்களே" என்றார் மாமியார். குரல் சற்று இறங்கியது. "தட்டத் தூக்கிட்டு நான் திரும்பி வந்தேன். அத நெனச்சா இன்னும் ஒரு மாதிரியா இருக்கு. கொழும்புலயும் சிரிக்கிறாங்கன்னு இவ சொல்றா. அது அவங்க ஊரு. நம்ம தோட்டத்துல வுடுவனா?"

ஸ்டெல்லா வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. இரண்டு முட்டை ஏன் பொரித்தார் என்று எனக்கு விளங்கியது.

கோபப்பட என்னால் முடியவில்லை. அழவும் கூச்சமாக இருந்தது. ஆகவே புலம்பினேன். சிரிப்பு வாங்குவதுதான் என் வேலை, அதற்குத்தான் வருகிறார்கள், அதற்குத்தான் ஒரு வருடமாக ரயிலில் பைத்தியக்காரன் பட்டம் வாங்கினேன் என்று என் ஊர்த் தமிழில் எதையும் மறைக்காமல் கொட்டினேன். மேடையிலிருந்து கண்டதெல்லாவற்றையும் சொன்னேன். கொண்டையைப் பார்த்து நாற்பது நிமிடம் பேசியது, மடுவத்துக்குப் பின்னால் ஓடியவர்களுக்கு வயிற்று நோய் என்று பரிதாபப்பட்டது, அட்டை ஆட்டத்தை இரண்டாம் தரமும் ஆடலாமா என்று யோசித்தது. மாமியார் அகப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"சிவப்புச் சீலை கட்டின மனுசிக்குப் பல்வலி எண்டு நினைச்சு, ரெண்டு குளிசையும் குடுத்துப்போட்டு வந்திருக்கிறன் மாமி" என்றேன்.

லயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவர்கள் பாதி உயரத்தில் நின்றுவிடும்; மேலே கூரை எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு மேலாக, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் பணிவாக வந்தது.

"போட்டுட்டேங்க சார். சாப்புட்டுத்தான் போட்டேன்."

மாமியார் அகப்பையைக் குழம்புச் சட்டிக்குள் போட்டார். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, ஓலமிட்டுச் சிரித்தார். தடை நீங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே சிரித்தார்கள். அடுத்த வீட்டில் எதற்கென்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கூரைக்கு அடியால் அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போய், காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, பத்தாவது கதவுவரை சென்று திரும்பி வந்தது. கைக்குழந்தையின் சத்தமும் கேட்டது. மாமனார் செபமாலையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். நான்? வேன் எதுவும் பக்கத்தில் இல்லாததால் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு காலையும்.

பின்னேரம் பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது, நனைந்துபோன கடிதத்தை எடுத்துக் காட்டி, இப்போது என்ன செய்வது என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"உங்க ஜோக்குக்கு ஒருத்தரும் சிரிக்கல" என்றாள். "அடக்கிக்கிட்டாங்க, சரி. அடக்க முடிஞ்சுதுல்ல? நீங்க பட்டதச் சொன்னப்போ அம்மாவால அடக்க முடியல. அத நம்பி வேலைய விடலாம்."

கடிதத்தைத் திரும்பத் தட்டச்சு செய்தேன். இந்த முறை எழுத்துப் பிழை இல்லை. விலகுவதற்கான காரணம் என்று நான் எழுதியிருந்ததை வாசித்த பிரதம எழுதுவினைஞர், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் முன்னால் சிரித்தார். என் கடைசி அரச கடமை அது. கிணற்றுக் கட்டும் அட்டையும் அத்தோடு போய்விட்டன. இப்போது நான் மேடையில் சொல்வதெல்லாம் எனக்கு நேர்ந்த அவமானங்கள்தான். கையிருப்பு குறையாத சரக்கு. பிழைப்பு நன்றாகவே போகிறது. அம்மாகூட அயலவர்களிடம் என் மகன் சொற்பொழிவாளர் என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

எங்கள் வீட்டில் யாருக்கு எது சறுக்கினாலும், குழம்பு அடிப்பிடித்தாலும், பஸ் தவறினாலும், முதுகில் தட்டிச் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "ஒரு ஆளு சிரிக்கல." சிவப்புச் சேலைக்காரர் என்னை எங்கே கண்டாலும் பல் நன்றாக இருப்பதாக அறிவிக்கிறார்.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, கொழும்பு மண்டபம் ஒன்றில் இந்தக் கதையையே நான் சொன்ன வீடியோவை ஸ்டெல்லா தன் அம்மாவுக்குக் காட்டினாள். மண்டபம் நிறைய ஆட்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். ஒரு சுருக்கமும் அசையவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிகுந்த பரிவோடு என் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டுச் சனமும் சிரிக்குதே மாப்புள. அங்கிட்டெல்லாம் சொல்லி வைக்க நம்ம ஆளு ஒருத்தரும் இல்லீங்களா?"